டிக்கெட்டில் இருந்த ஆறெழுத்து

விமான டிக்கெட் போடும் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரில் யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று தெரியும். அதைவிடக் கொடுமை, அவளுக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய கடை. அவர் வெளியே அலையும் நேரத்தில், கான்வென்ட்டில் படித்த பாவத்துக்கு, சமைத்து வைத்துவிட்டு நான் போய் உட்காருவேன். கவுண்டருக்குப் பின்னால் உட்காரும் புண்ணியவான்களே, அடுத்தவர் விவரம் கேட்டு வருகிற கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்லியே ஒரு பெண்ணின் வேலையைப் போக்கினேன். அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

மாமியார் வீட்டுக்குப் போகிற வழி

துபாயிலிருந்து லீவில் வரும் ஒருவன், இரண்டு நாள் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் இறங்கியதாகத் தன் வீட்டில் சொல்லத் திட்டமிட்டிருந்தான். அவன் அம்மா மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, "எம் மவன் என்னிக்கி வரான், பாத்துச் சொல்லும்மா" என்றார். பெற்றவளுக்குச் சொல்வதில் என்ன தப்பு? சொன்னேன். அந்த அம்மா வேன் பிடித்து, மாலையோடு ஏர்போர்ட் வாசலிலேயே போய் நின்றுவிட்டார். மறுநாள் அவன் கடைக்கு வந்து கத்தியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "யக்கா, நீங்க டிக்கெட் போட்டீங்களா, தண்டோரா போட்டீங்களா?"

சுமதி கேட்டுக்கொண்டது

கச்சிராயபாளையத்துச் சுமதி நர்சிங் படித்தவள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பா இல்லை. அண்ணனோ ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்துதான் மற்றதெல்லாம் என்கிறான். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் போட வந்தாள். நான் பாஸ்போர்ட் நம்பரை அடித்து முடிப்பதற்குள், யாரிடமும் சொல்லாதீங்க என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஒரு தடவை சொன்னால் எனக்குப் புரியாதா என்று எரிந்து விழுந்தேன். "இல்லக்கா, எங்க அண்ணன் வந்து கேப்பாரு. நல்லாப் பேசுவாரு. அதான் சொல்றேன்."

அண்ணன் நல்லாத்தான் பேசினார்

அடுத்த வாரமே வந்தார். அன்று வெள்ளிமலையிலிருந்து ஐந்தாறு பேர் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று அவர்களுக்குப் பதைப்பு. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. "சுமதியோட அண்ணங்க. மொதல்ல கோவமாத்தான் இருந்தேன். இப்ப நானே கார் வெச்சி ஏர்போர்ட்ல வுடப் போறேன். டிக்கெட் காப்பி ஒண்ணு குடுங்க" என்றார்.

சுமதி சொன்னது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஒரு போன் போட்டு அவளைக் கேட்டிருந்தால் அரை நிமிஷம். ஆள் நகர்ந்தால் போதும் என்று அச்சடித்து நீட்டினேன். போகும்போது அவரும் ஒரு ரகசியம் காக்கச் சொன்னார். அதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். "நான் வந்தேன்னு தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, திடீர்னு கார் எடுத்துக்கினு போய் நின்னா சந்தோசப்படும்."

ஏர்போர்ட்டிலிருந்து

டிக்கெட்டின் மூலையில் ஆறெழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதையும் பயணியின் கடைசிப் பெயரையும் விமானக் கம்பெனியின் இணையதளத்தில் அடித்தால் யாரும் உள்ளே போகலாம், ரத்தும் செய்யலாம். நம் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்பது பெரும்பாலும் அப்பா பெயர். அது என்ன கூடப் பிறந்தவனுக்குத் தெரியாததா? பாக்கி ஆறெழுத்தை நான் கொடுத்தேன்.

கிளம்பும் நாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சுமதியும் அம்மாவும் சென்னை ஏர்போர்ட்டில் நிற்கிறார்கள். கவுண்டரில் அவள் பெயரே இல்லையாம். கடை மெயிலைத் திறந்தால், டிக்கெட் ரத்தான செய்தி முந்தின நாள் மத்தியானமே வந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடினோம். ஒன்றாம் தேதிக்குள் போய்ச் சேர எந்த விமானத்திலும் இடமில்லை. அதைச் சொன்னதும் அவள் கேட்டது இதுதான்: "யக்கா, யாராச்சும் கடைக்கு வந்து கேட்டாங்களா?"

சண்டைக்குப் போன இடத்தில்

ஆமாம் என்று அவளிடம் சொன்ன கையோடு, டவுன் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போனேன். கூடப் பிறந்தவள் பிழைப்பைக் கெடுக்க உனக்கு வெட்கமாயில்லையா என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்களாத்தான அச்சடிச்சிக் குடுத்தீங்க? நான் இன்னா, கடைய ஒடச்சா எடுத்துக்கினு வந்தேன்?"

மருந்துக்கடையில்

போன மாதம் சுமதியை ஒரு மருந்துக்கடையில் பார்த்தேன். அந்தக் கல்யாணத்துக்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டு மறுபடி எழுதிப் போட்டதில், வெளிநாட்டிலேயே வேறொரு ஊரில் இடம் கிடைத்திருக்கிறதாம், முதலில் கிடைத்ததைவிடச் சின்ன வேலை. எனக்கு மனசு தாங்கவில்லை. டிக்கெட்டை நான் போட்டுத் தருகிறேன், என்றைக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டேன். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "விழுப்புரத்துல போட்டுட்டேங்க்கா. என்னிக்கின்னு மட்டும் கேக்காதீங்க."

வாயில் விரல் வைத்து நில் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் பத்து வருஷம் சொல்லிக்கொடுத்ததை இப்போதுதான் ஒழுங்காகச் செய்கிறேன், செய்திருக்க வேண்டிய ஒரே நாள் போன பிறகு.