“இன்னும்” என்று சொன்னேன்

கோழியிறைச்சியில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அன்டன் அண்ணா, புதிய இடத்தில் வாங்கிய கோழியில் ஒரு துண்டைச் சோதனைக்குத் தந்தார். முடிவு வரும்வரை மிச்சத்தை வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்தார்.

இரண்டாம் நாள் போன் எடுத்தார். “தங்கச்சி, ஏதும் இருக்கா?”

“இன்னும் ஒண்டும் இல்லண்ணா.”

உண்மையில் அந்தத் துண்டு அப்போதும் கிருமியை வளர்த்தெடுக்கும் திரவத்தில்தான் கிடந்தது. அதைத் தட்டில் பூசி வளரவிட்டுப் பார்க்க மேலும் இரண்டு நாள் வேண்டும்.

நான்காம் நாள் காலை தட்டு முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவும் கறுத்திருந்தது. சல்மொனெல்லாக் கிருமி. உடனே அழைத்தேன். அண்ணாவின் மனைவி எடுத்தார்.

“அவர் ஆஸ்பத்திரியில நிக்கிறார். சின்னவளுக்கு நேத்தில இருந்து காய்ச்சல், வயித்தோட்டம். ஒண்டும் இல்லையெண்டு நீங்க சொன்னதால அண்டைக்கே சமைச்சனாங்கள். கோழி வெட்டின பலகையிலதான் சலாதுக்குப் பச்சை மரக்கறியும் வெட்டினனான்.”

மகள் வீடு திரும்பவில்லை. அவளுக்கு நான்கு வயது.

செத்தவீட்டில் அண்ணா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “நீங்கதானே இல்லையெண்டு சொன்னனீங்க?” நான் சொன்ன “இன்னும்” என்ற சொல்லை அவருக்கு நினைவூட்ட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சோதனை முடியும்வரை யார் கேட்டாலும் “தெரியாது, சமைக்க வேண்டாம்” என்கிறேன். அன்றும் எனக்குத் தெரியாதுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.