ஒரு கோப்பை, இரண்டு கரண்டி

மேர்சியக்கா பெரிய கரண்டியைச் சுடுநீரில் முக்கி, ஓர் உதறு உதறி, ஐஸ்கிறீம் வாளிக்குள் இறக்குகிறார். "வரிசையில வாங்கோ. ஆக்கள் நேர வந்தாத்தான் ஐஸ்கிறீம். மற்றாளுக்கெண்டு காவிக்கொண்டு போறதெல்லாம் இஞ்ச சரிவராது." பூசை வைத்த சுவாமியும் கோப்பையோடு வரிசையில்தான் நிற்கிறார். மாதத்தின் கடைசி ஞாயிறு, நியூசிலாந்தின் லின்ஃபீல்டில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபம் மேர்சியக்காவின் ஆட்சிக்குள் வந்துவிடும். பூசைக்கு வராத சைவக்காரரும் ஐஸ்கிறீமுக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள்.

முந்தி இங்கே சோறு கறிதான். ஒருத்தியின் கத்தரிக்காய்க் கறி வழித்துத் துடைத்தாற்போல் முடியும்; இன்னொருத்தியின் இறைச்சிக் கறி அப்படியே கிடக்கும். மிஞ்சிய சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவளின் நடையைப் பார்த்தாலே அடுத்த மாதம் வரமாட்டாள் என்று தெரிந்துவிடும். மேர்சியக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஒருத்தரும் சமைக்கவேண்டாம். கடையில வாங்குவம். கடைக்காரன்ர கைப்பக்குவத்துக்கு ஆர் கோவிக்கிறது?" என்று ஒரேயடியாக முடிவுகட்டினார். அன்றிலிருந்து ஐஸ்கிறீம்தான். யூலை மாதத்துக் குளிரிலும் சனம் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு அதைத்தான் தின்கிறது.

மன்னாரில் பிறந்தவர். ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. மெசின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மண்டபத்தில் மைக் தேவையில்லை. இத்தனை வாளியைக் காலியாக்குகிறவர் தான் மட்டும் ஒரு கரண்டி தொடமாட்டார். "எனக்குப் பல் கூசும். விடுங்கோ."

அவருடைய பெரிய வித்தை வேறு. யாராவது இரண்டு பேர் முகம் பார்க்காமல் திரிகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, நடுவில் ஒரு கோப்பை ஹோக்கி போக்கி வைத்து, இரண்டு கரண்டியைக் குத்திவிடுவார். வனிலாவுக்குள் சீனிப்பாகுக் கட்டிகள் நெறுநெறுக்கும் ஐஸ்கிறீம் அது. "உருகுது, கெதியாச் சாப்பிடுங்கோ" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். மண்டபத்துக்கு வருகிற உஷாவும் வசந்தமலரும் ஒரு கார்ப் பயணத்தை வைத்துப் பிணங்கியிருந்தபோது அப்படித்தான் இருத்தினார். இருவரும் மூச்சுக் காட்டாமல் தின்றார்கள். கடைசியில் அடியில் ஒரு பாகுக் கட்டி மிஞ்சியது. "நீர் எடும்." "இல்லை, நீர் எடும்." அவ்வளவுதான், அதோடு கதை பேச்சுத் தொடங்கிவிட்டது.

ஊருக்கெல்லாம் கோப்பை வைத்தவருக்கு, தன் வீட்டுப் பிணக்குக்கு வைக்கத் தெரியவில்லை. தம்பி யேசுராசா நியூசிலாந்துக்கு வந்த நாளிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தார்; கலியாணம் கட்டி, பிள்ளை பிறந்த பிறகும் அங்கேதான். அந்தத் தம்பி வெஸ்ட்கேட்டில் வீடு வாங்கி, மோட்கேஜ் கடனும் சரிவந்த பிறகு, விசயம் ஐஸ்கிறீம் வரிசையில் வேறொருவர் வாயால் அக்காவுக்குத் தெரியவந்தது. மேர்சியக்கா சும்மா விடுவாரா? "எனக்குச் சொல்லாம வீடு வாங்கிற அளவுக்குப் பெரிய மனிசர் ஆயிட்டியள்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். நீ என்று கூப்பிட்டு வளர்த்த வாய் அன்று நீங்கள் என்றது. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே தம்பி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

இன்று தம்பி வீடு மாறுவதற்கு முந்திய கடைசி ஞாயிறு. மனைவி றோஷினியின் இழுப்புக்கு மண்டபத்துக்கு வந்து, ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருக்கிறார். வரிசைக்கு வரவில்லை. மேர்சியக்காவின் கை அள்ளுகிறது, கண் மூலைக்குப் போய்ப் போய் வருகிறது. முகம் தராமலே போய்விடுவானோ என்ற பயம். போய்ப் பேசவும் கால் வரவில்லை.

வரிசையில் நின்ற உஷா ஐஸ்கிறீம் மேசையைச் சுற்றி உள்ளே வந்தார். அக்காவின் கையிலிருந்து பெரிய கரண்டியைக் கேட்காமலே பிடுங்கினார். ஒரு கோப்பை நிறைய ஹோக்கி போக்கி அள்ளி, இரண்டு கரண்டியைக் குத்தி, மூலை மேசையில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து மேர்சியக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்த் தம்பிக்கு எதிரே இருத்தினார்.

யேசுராசா கோப்பையைப் பார்த்தபடி உஷாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்காவுக்குப் பல் கூசும்."

"உருகுது, கெதியாச் சாப்பிடுங்கோ" என்றார் உஷா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

மேர்சியக்கா கரண்டியை எடுத்து, நிறைய அள்ளி வாயில் வைத்தார். முகம் கோணியது. இடது கையால் கன்னத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மறுபடியும் அள்ளினார்.