மூன்று கையெழுத்து

துனிசியாவின் பேஜா நகரில், மக்ரோனா என்னும் பாஸ்தா செய்யும் அரசு ஆலையில் மொன்ஜியா ஹம்ரூனி பத்தொன்பது ஆண்டுகள் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். மாவு வெட்டும் கத்தி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடாமலே எடுப்பார். ஆனால் அதைக் கொடுக்க மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். மூன்றாமவர் பெரும்பாலும் இருக்கையில் இருக்கமாட்டார். அதுவரை இயந்திரம் நிற்கும்.

தலைமை அலுவலகம் கணினி அனுப்பியது. அதன்பின் கணினியில் பதிந்து, அச்செடுத்து, அந்தத் தாளிலும் மூன்று கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. இயந்திரம் நிற்கும் நேரம் கூடியது.

“உங்க பெட்டிக்கு எல்லாம் தெரியுது, லெல்லா. கத்தி இருக்குன்னு சொல்லுது, கையில மட்டும் தரமாட்டேங்குது,” என்றார் ஃபிட்டர் ஷாதலி. அங்கே பெண்களை மரியாதையாக ‘லெல்லா’ என்பார்கள், ஆண்களை ‘சிதி’ என்பார்கள்.

“அதையும் சேர்த்துத் திட்டு. எனக்குக் கொஞ்சம் குறையட்டும்,” என்றார் மொன்ஜியா.

அடுத்த ஆண்டு லஸ்அத் மஸ்ஊதி இயக்குநராக வந்தார். ஒரு காலை வெட்டும் இயந்திரம் நின்றபோது கிடங்கின் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

“கத்தி கிடைக்க எவ்வளவு நேரமாகும்?”

“நான் எடுத்துத் தர ரெண்டு நிமிஷம், சிதி. தாள் சுத்தி வர நாளைக்கு மத்தியானம் ஆயிடும்.”

“தாளைக் குடுங்க. நானே வாங்கிட்டு வர்றேன்.”

மூன்றாமவரின் அறைக்கு வெளியே அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காப்பிக் கடையிலிருந்து திரும்பிய அதிகாரியின் முகம் வெளுத்துப்போனது.

“இந்தக் கையெழுத்து எதுக்கு?” என்று கேட்டார் லஸ்அத்.

“திருட்டு நடக்காம இருக்க, சிதி.”

“இதுவரைக்கும் எத்தனை தாளைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க?”

“ஒண்ணுகூட இல்ல.”

அடுத்த வாரம் கத்திகள் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஓர் அலமாரிக்கு வந்தன. ஃபிட்டர் எடுத்துக்கொண்டு தானே கணினியில் பதிந்தால் போதும். தலைமை அலுவலகம் ஆட்சேபித்தது. பொறுப்பு தன்னுடையது என்று லஸ்அத் எழுதிக் கொடுத்தார். அந்த ரமதானுக்கு வந்த ஆர்டரை ஆலை முதல்முறையாகத் தாமதமில்லாமல் முடித்தது.

மொன்ஜியாவுக்கு இது முழுக்கப் பிடித்ததாகச் சொல்ல முடியாது. ஜன்னலில் யாரும் வந்து கெஞ்சவில்லை, கிண்டலும் செய்யவில்லை. இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, கணினிப் பதிவுகளை வாசிக்கத் தொடங்கினார். ஒரே கடையிலிருந்து வந்த கத்திகள்தான் சீக்கிரம் உடைகின்றன என்று கண்டுபிடித்தது அவர்தான். ஆலை அந்தக் கடையில் வாங்குவதை நிறுத்தியது.

மொன்ஜியா ஓய்வுபெறும் முன்பே லஸ்அத் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ஒரு கையெழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். மற்ற இரண்டும் வரவில்லை.