பாப்பாவை விட்டுவரப் போன விடுமுறை

எங்களில் ஒருத்தியைக் கொல்லிமலையில் விட்டுவிட்டு வருவதற்காகத்தான் அந்த ஆயுத பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலையேறினோம். வெள்ளிக்கிழமை பூஜை, சனிக்கிழமை விஜயதசமி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஞாயிறு. இப்படிச் சேர்ந்தாற்போல் லீவு வாய்ப்பதே அபூர்வம், பிள்ளை பழகிக்கொள்ள இது போதும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

பிள்ளை என்றது பாப்பாவை. என் கடைசித் தங்கை. அப்போதுதான் வார்த்தைகளைக் கோத்துப் பேசத் தொடங்கியிருந்தாள். அம்மாவுக்கு மூன்றும் பெண். அம்மாவின் தம்பி, மலைமேல் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்த மாமாவுக்கு, கல்யாணமாகி வருஷங்கள் போயும் தொட்டில் கட்ட வழி பிறக்கவில்லை. இங்கே கூடுதல், அங்கே குறைவு, எடுத்து அங்கே வைத்தால் இரண்டும் நேராகிவிடும் என்பது பெரியப்பாவின் கணக்கு. அம்மாவின் அக்காவைக் கட்டியவர் அவர். குடும்பத்தில் எது கோணலாக இருந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் காபி குடிப்பார். அப்பா தலையாட்டினார். அம்மா என்ன சொன்னாள் என்பது யாருக்கும் நினைவில்லை. கேட்டிருந்தால் அல்லவா நினைவிருக்கும்.

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: பாப்பா இனிமேல் மாமா வீட்டில் இருப்பாள். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. மலை, மேகம், மருந்தகத்துக்கு வரும் ஆட்டுக்குட்டிகள், எல்லாம் அவளுக்கு. எனக்குச் சேந்தமங்கலமும் வாய்ப்பாடும்.

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி பஸ் மலையைச் சுற்றத் தொடங்கியதும் வளைவுக்கு ஒருத்தராக வாந்தியெடுத்தோம். பெரியப்பாவின் பையன்கள் இருவரும் ஒரே ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். பாப்பா மட்டும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி சிரித்துக்கொண்டு வந்தாள். "பாருங்க, மலைக்குன்னே பொறந்த புள்ளெ," என்றார் பெரியப்பா. அம்மா வெளியே பார்த்தாள். வெளியே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.

மலைமேல் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். அதில் ஆலத்தூர் நாட்டில் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே மாமாவின் குவார்ட்டர்ஸ். எங்கள் காலடிச் சத்தம் கேட்கும் முன்பே அத்தை வாசலில் நின்றாள். உள்ளே சுவரில் புது ஆணி, ஆணியில் சின்னச் சீப்பு. கொடியில் அவளே தைத்த கவுன்கள் தொங்கின, மஞ்சள், ரோஸ், நீலம். தட்டு, டம்ளர், மணை எல்லாம் பாப்பா அளவுக்கு. நான் அந்த மணையில் உட்கார்ந்து பார்த்தேன். கொள்ளவில்லை.

அன்று மருந்தகத்தில் பூஜை. மாட்டுக்குப் போடும் பெரிய ஊசிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, செவ்வந்திப் பூ சாத்தியிருந்தார் மாமா. நடுநாயகமாக, காளைக்குக் காயடிக்கும் இரும்பு இடுக்கி. "இது எதுக்குங்க மாமா?" என்று பையன்கள் கேட்டார்கள். மாமா விழிக்க, பெரியப்பா முந்திக்கொண்டார்: "சொன்ன பேச்சுக் கேக்காத பசங்களுக்கு." அன்று முழுக்க இருவரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

பழக்கப்படுத்துதல் உடனே தொடங்கியது. சோறு அத்தைதான் ஊட்ட வேண்டும். குளிப்பாட்டல், தூங்கவைத்தல் அத்தைதான். பாப்பா அழுதால் அம்மா அடுப்படிக்குப் போய்விட வேண்டும். "எட்டிப் பாக்காதீங்க. மூஞ்சியெக் கண்டா உட்டு வராது," என்று பெரியப்பா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே அம்மா அரைத்த சட்னியையே மறுபடி அரைத்துக்கொண்டிருந்தாள்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். முற்றம் பெருக்கினேன். அத்தைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அவள் தனியாக இருந்த நேரம் பார்த்து விஷயத்துக்கு வந்தேன்.

"அத்தை, பாப்பா பாயிலியே ஒண்ணுக்குப் போயிருவா. நான் போவமாட்டேன்."

"அப்படியா சாமி?"

"எனக்குத் தலைகூட நானே சீவிக்குவேன். அவளெக் கூட்டிட்டுப் போவட்டும், நான் இங்க இருந்துக்கறேன்."

அத்தை வெங்காயத்தைப் போட்டுவிட்டு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ பெரிய மனுசி கண்ணு. பத்து நாள்ல அம்மாவெத் தேடுவே. அவ சின்னவ, மறந்துருவா." வெங்காயத்தினால் அவள் கண் கலங்கியிருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்யத் தயார், அப்போதைய என் வயதில் இருந்தால்.

மறுநாள் மலைக்காரம்மா ஒருத்தி, வயிறு உப்பிய ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். லீவு நாள் என்பது ஆட்டுக்குத் தெரியாதே. மாமா மருந்து கலக்கப் போன இடைவெளியில், அத்தையின் இடுப்பில் இருந்த பாப்பாவைப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்க புள்ளைங்களா?" என்றாள்.

"நாளையிலிருந்துங்க," என்றாள் அத்தை.

மலைக்காரம்மா வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். பாப்பா அத்தையின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பாதி பழகிவிட்டிருந்தாள். பார்க்கப் பார்க்க என் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

ஞாயிறு காலை சர்ரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா தன் பழைய நூல்சேலை ஒன்றின் முந்தியைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். அதை அத்தையின் கையில் வைத்து, ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "அம்மிணி, தூங்கறப்ப இதெ வெரல்ல சுத்திக்குவா. தொவைச்சுப் போட்டறாதே, வாசம் போயிரும். போனா தூங்கமாட்டா." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, துணி மடிக்க உள்ளே போய்விட்டாள். அத்தை அந்தத் துணியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பழந்துணியை யாராவது முகர்வார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மத்தியானம் செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். விடுமுறைக்கு மலையேறிய ஊரெல்லாம் ஒரே பஸ்ஸில் இறங்க முடிவு செய்திருந்தது. வாழைத்தார், மரவள்ளிக்கிழங்கு மூட்டை, அழும் பிள்ளைகள். பெரியப்பாவின் திட்டம் தயார். பஸ் வந்ததும் அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட் வாங்கக் கடைப்பக்கம் போய்விட வேண்டும். பாப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட வேண்டும்.

சீட் பிடிப்பதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முறை உண்டு. மற்றவர்கள் ஜன்னல் வழியே துண்டு போடுவார்கள். பெரியப்பா பிள்ளைகளைப் போடுவார். "துண்டு போட்டா எடுத்து வீசிருவான். கொழந்தையெப் போட்டா எவன் வீசுவான்?" பஸ் நிற்கும் முன்பே எங்களை ஒவ்வொருத்தராகத் தூக்கி உள்ளே தள்ளினார். நான் மூன்று பேர் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஆளிருக்குதுங்க! ஆளிருக்குதுங்க!" என்று கத்தினேன். எல்லோரும் படியில் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். மாமா பஸ் கூரைமேல் எங்கள் கிழங்கு மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா எப்படியோ ஏறி, சேலை குலைந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைப்பக்கம் பார்க்கவில்லை. தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கள் ஜன்னலில் பாப்பா வந்தாள்.

முதலில் தலை, பிறகு நீலக் கவுன், கையில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம். அவளைத் தூக்கிப் பிடித்திருந்தவை வளையல் போட்ட கைகள்.

"புடிங்க நங்கையா," என்றது கீழேயிருந்து அத்தையின் குரல். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அம்மிணி, என்ன இது..."

"புடிங்கன்னா புடிங்க. கை கடுக்குது."

அம்மா பிடித்தாள். விசில் அடித்தது. படியில் தொங்கிய பெரியப்பா அப்போதுதான் பார்த்தார். "ஏம்மா! புள்ளெ! புள்ளெ உள்ள போயிருச்சு!"

"உள்ளதானுங்க போயிருக்குது, கீழயா உழுந்துது?" என்று கண்டக்டர் இரண்டாவது விசிலும் கொடுத்தார்.

அத்தை ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "கூட்டத்துல கை மாறிப் போச்சுங்ணா!"

கூட்டம் முழுக்கப் படிக்கட்டுப் பக்கம் இருந்தது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே அத்தை ஒருத்திதான் நின்றிருந்தாள்.

எனக்கோ அது பொன்னான சந்தர்ப்பம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். "அத்தை, அப்ப நான் எறங்கட்டுமா?" அத்தை பஸ்ஸோடு கொஞ்ச தூரம் நடந்துவந்தாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். கூரையிலிருந்து அவசரமாக இறங்கிய மாமா, என்ன நடந்ததென்று தெரியாமல் அவளுக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றார்.

சீட் பிடிக்கிற அவசரத்தில் விட்டுவர வேண்டிய பிள்ளையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்த கதையாக, பெரியப்பாவைக் கேலி செய்து இன்றும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை. பாப்பா அதை மற்றவர்களைவிட உரக்கச் சிரித்துக் கேட்பாள்.

அன்று பஸ் இறங்க இறங்க அம்மா அழுதாள். மூன்று நாளும் அழாதவள், பாப்பாவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். இவ்வளவு தூரம் போயும் வந்த காரியம் கெட்டுப்போனால் யாருக்குத்தான் ஆறும்? எனக்குப் பாவமாக இருந்தது. நகர்ந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழுவாதம்மா," என்றேன். "தீவாளி லீவுக்கு வந்து உட்டுட்டுப் போயிரலாம்."

அதற்கும் அவள் நிறுத்தவில்லை.