ஆர்லிஸின் கை பதறிய சனிக்கிழமை

என் மனைவி ஆர்லிஸ் துப்பாக்கி சுடும்போது கண் சிமிட்ட மாட்டாள் என்று பத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தவன் நான். மொன்டானாவில் எங்கள் சேஜ் ஃபோர்க் மாதிரி ஒரு சிற்றூரில் பெருமையடிக்க வேறு என்ன இருக்கிறது? என் பீட்ரூட் வயலைப் பற்றிப் பேசினால் பக்கத்து வயல்காரனே சிரிப்பான். அதனால் மனைவியைப் பற்றிப் பேசினேன்.

ஆர்லிஸ் முப்பத்தோரு வருஷம் பாசனக் கால்வாயில் வேலை பார்த்தவள். தினமும் பத்து மைல் கரையோரம் போய் மதகு திறந்து, மதகு மூடி, யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விடுவாள். சொந்தப் புருஷன் வயலுக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக விட்டது கிடையாது. ஒரு வறட்சி வருஷத்தில் லேசாகக் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

வெயில் காலத்தில் மதகுச் சக்கரத்துக்கடியில் கிலுகிலுப்பை விரியன் பாம்பு சுருண்டு படுத்திருக்கும். அதற்காக அவள் இடுப்பில் பழைய எஃகு ரிவால்வர் ஒன்று தொங்கும். அந்தக் கனத்தில் இடுப்பு வலிக்கிறது என்று அவள் அடிக்கடி சொல்வாள். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையிலேயே எடை குறைந்த ரிவால்வரை வாங்கி, இருக்கிறதிலேயே வீரியமான மேக்னம் தோட்டாவையும் சேர்த்து, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம்தான் இது. சின்னப் பெண்ணுக்குச் சின்னத் துப்பாக்கி என்று நினைத்துக்கொள்வோம். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாக உதைக்கும் என்பது நமக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பரிசு வாங்கும்போது மட்டும் மறந்துவிடும்.

கொல்லையில் நின்று ஒரு தடவை சுட்டாள். துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள்.

"ஹால்வர், இன்னும் நாலு பாக்கி இருக்கு. நீ சுடு."

நாலையும் சுட்டேன். உள்ளங்கை தீப்பட்ட மாதிரி எரிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவளும் "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் எங்கள் சுடுகளச் சங்கத்தின் மாத இதழில் 'லேசான ரிவால்வர்கள்' என்று ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தாள். சங்கத் தலைவர் எம்மெட்டுக்கு ஊரில் துப்பாக்கிக் கடையும் உண்டு. கடைக்கு வருகிற ஒவ்வொரு லேசான ரிவால்வரையும் அவள் சனிக்கிழமை சுட்டுப் பார்த்து மூன்று விஷயம் எழுதுவாள். உதை எப்படி, விசை எப்படி, குறி எப்படி. விசையைப் பத்து தடவை வெறுமனே இழுத்து, எங்கே கரகரக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். நாலு குண்டு சுட்டுவிட்டு ஐந்தாவது தோட்டாவை வெளியே எடுத்துப் பார்ப்பாள். உதைத்த உதையில் குண்டு தோட்டாக் கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்திருந்தால் உருளை சிக்கிக்கொள்ளும்; அந்தத் துப்பாக்கியின் கதை அன்றோடு முடிந்தது. ஒரு தடவை எம்மெட் கடைச் சரக்கைப் பற்றி, 'விசையை இழுப்பதற்குள் விரியன் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்' என்று எழுதினாள். மனுஷன் அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தார். நல்லவர்தான், கொஞ்சம் கஞ்சன்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அதை எழுதியதும் ஆர்லிஸ்தான். சுடுகிறவர் தானே தோட்டா போட்டுக்கொள்ளக் கூடாது. வேறொருவர் அவருக்குத் தெரியாமல் ஐந்து அறையில் மூன்றில் நல்ல தோட்டாவும் இரண்டில் சுட்டு முடித்த வெற்றுக்கூடும் போட வேண்டும். வெற்றுக்கூட்டில் 'டிக்' என்று விழும்போது துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும். உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே பதறினால் குழல் முனை கீழே முங்கும். அதை எல்லோரும் பார்ப்பார்கள். பதறியவர் அந்த மாதம் அந்தப் பக்கத்தை எழுத முடியாது. டெல்பர்ட் என்று ஒருத்தன், மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தப் பக்கத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். இரண்டு தடவை முயன்று, இரண்டு தடவையும் பாத்தியைக் கொத்துகிற மாதிரி குழலை முங்கவிட்டான்.

போன குளிர்காலத்தில் ஆர்லிஸின் வலது கட்டைவிரல் மூட்டில் ஆபரேஷன் நடந்தது. மதகுச் சக்கரம் சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோன மூட்டு. நாலு மாதம் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்த நாலு மாதம் பக்கம் வெளிவரவில்லை. ஏப்ரலில் எம்மெட் வீட்டுக்கே வந்தார்.

"கடைக்குப் புதுசா ஒண்ணு வந்திருக்கு, ஆர்லிஸ். பன்னெண்டே அவுன்ஸ், மேக்னம். ஊர்ல பாதி பேரு கேக்கறான். சனிக்கிழமை நீங்க சுடறீங்களா, இல்ல டெல்பர்ட்டச் சொல்லட்டுமா?"

"நான் சுடறேன்."

"சட்டம் இருக்கு."

"எழுதினவகிட்டயே சட்டம் சொல்றீங்களா? காப்பியக் குடிங்க."

அவர் போனதும் அவள் கட்டைவிரலை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கால்வாய் போச்சு. இதுவும் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட யாரு என்ன கேட்டு வரப்போறா, ஹால்வர்?" என்றாள். நாற்பத்து நாலு வருஷத்தில் இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அதனால்தான் செய்தேன். கொட்டகையில் நானே தோட்டா நிரப்பிக்கொள்கிற மேசை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கடைத்தெருவுக்குப் போனதும், அதே மேக்னம் கூட்டில், அதே குண்டை வைத்து, வெடிமருந்தை மட்டும் பாதியாகக் குறைத்து மூன்று தோட்டா செய்தேன். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வழக்கமாக அவளுக்குத் தோட்டா போடுவது நான்தான். வேலை சுலபம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சுடுகளத்தில் நல்ல கூட்டம். மேசையில் பெரிய பாத்திரத்தில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லியும், தட்டு நிறைய லவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டியான பட்டை ரோலும் இருந்தன. டெல்பர்ட் இரண்டையும் இரண்டு கையில் வைத்துத் தின்றுகொண்டே வந்தான்.

"ஆர்லிஸ், பென்சிலச் சீவி வெச்சிருக்கேன். உங்களுக்கு வேணுமா, எனக்கு வேணுமான்னு பாப்போம்."

"மொதல்ல வாயத் தொடச்சுக்க, டெல்பர்ட். அப்புறம் எழுதலாம்."

எம்மெட் கொடுத்த தோட்டாப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றேன். பெட்டியில் இருந்ததைத் தொடவில்லை; பையில் இருந்ததைப் போட்டேன். இரண்டு வெற்றுக்கூட்டையும் நடுவில் செருகினேன்.

சுட்டாள். டமால். அடுத்து 'டிக்'. குழல் ஆணி அடித்த மாதிரி நின்றது. மறுபடியும் 'டிக்', மறுபடியும் அசையவில்லை. மிச்சம் இரண்டும் வெடித்தன. மூன்று ஓட்டையும் ஒரு சாஸருக்குள் அடங்கும். கூட்டம் கை தட்டியது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினான். நான்தான் எல்லோரையும்விட சத்தமாகக் கை தட்டினேன், வெட்கம் கெட்டவன்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. உருளையைத் திறந்து கூடுகளை உள்ளங்கையில் தட்டி, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஹால்வர். இங்க வா."

போனேன்.

"கூட்டுப் பக்கவாட்டுல கரி படிஞ்சிருக்கு. முழு மருந்து வெடிச்சா கூடு விரிஞ்சு அறையோட ஒட்டிக்கும், கரி படியாது. மருந்து கொறஞ்சாத்தான் புகை பின்னால கசியும். இத நீயே எத்தன தடவ எனக்குச் சொல்லியிருக்க?"

"ஆர்லி, அது வந்து..."

"மொத குண்டுலயே தெரிஞ்சு போச்சு. பூனை தட்டற மாதிரி இருந்துச்சு. இது மேக்னமா?"

அவள் இதை என் காதோடு சொல்லியிருக்கலாம். பக்கம் அவள் கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என் வீட்டுக்காரர் எனக்காக மருந்தக் கொறச்சிட்டாரு. இது செல்லாது. எம்மெட், நீங்க போடுங்க, உங்க பெட்டியிலேர்ந்து" என்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு யாரோ ஒரு பட்டை ரோலை நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

எம்மெட் போட்டார். அவள் சுட்டாள். இந்தத் தடவை சத்தமே வேறு. கூரைத் தகரம் அதிர்ந்தது, துப்பாக்கி அவள் நெற்றி உயரத்துக்கு எகிறியது. இரண்டாவதும் அப்படித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது 'டிக்' என்று விழுந்தது.

குழல் முனை முங்கியது. கொஞ்சம்தான். ஆனால் எல்லோரும் பார்த்தோம்.

ஆர்லிஸ் துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்தாள். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து டெல்பர்ட்டிடம் நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"சட்டம் எல்லாருக்கும்தான். டெல்பர்ட்டும் சுட்டுட்டு எழுதட்டும்" என்றார் எம்மெட்.

டெல்பர்ட் சுட்டான். முதல் குண்டுக்கே "அம்மாடி" என்றான். இரண்டாவது 'டிக்'. குழல் தரையைப் பார்த்தது. கூட்டத்தில் ஒருவன், "அங்க புழு எதுவும் இருக்கா, டெல்பர்ட்?" என்று கேட்டான்.

"தலைவரே, நீங்க சுட்டுப் பாருங்களேன்" என்றான் டெல்பர்ட் கையை உதறிக்கொண்டே. எம்மெட் சுட்டார். விற்கப்போகிறவர் அவர்தான், அவருக்கும் முங்கியது. அப்புறம் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு வெற்றுக்கூட்டுக்கும் முங்கிவிட்டு, ஐந்தாவது குண்டைக் குறி அட்டைக்கு மேலே இருந்த பலகையில் சுட்டேன்.

ஆக, பதறாதவர் ஒருவரும் இல்லை. சட்டப்படி அந்த மாதப் பக்கத்தை எழுத ஆளே இல்லை. டெல்பர்ட் பென்சிலை ஆர்லிஸ் முன்னால் வைத்தான்.

"நீங்களே எழுதுங்க. நம்ம எல்லாருக்கும் பதறிச்சுன்னு எழுதுங்க. அதவிட அந்தத் துப்பாக்கியப் பத்தி என்ன சொல்லணும்?"

ஆர்லிஸ் பென்சிலை எடுத்துக்கொண்டாள். "எழுதறேன். ஆனா மொதல்ல சாதாரணத் தோட்டாவ இதுல போட்டுக் குடுங்க" என்றாள். எம்மெட் உதை குறைந்த சாதாரணத் தோட்டாவை வெற்றுக்கூட்டோடு கலந்து போட்டார். ஐந்து இழுப்பு, குழல் அசையவே இல்லை. மூன்று ஓட்டையும் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன. "விசை நல்ல விசை. வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றபடி அவள் ஒரு பட்டை ரோலை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் பாத்திரம் தேய்க்கிற நாரை என் கையில் கொடுத்தாள். இரண்டு வாரம் பாத்திரம் எல்லாம் நான்தான் கழுவினேன். நியாயமான தண்டனை.

இதழ் வந்தது. மேக்னத்துக்கு நேராக 'உதை' என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பதறினேன். என்னோடு சுட்ட மூன்று ஆண்களும் பதறினார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் கணவர் ஆசையாக வாங்கித் தந்த துப்பாக்கியிலும் பதறினேன். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் சமையலறையில் வெறும் துப்பாக்கியை இழுத்துப் பழகினேன். இதில் சாதாரணத் தோட்டா மட்டும் போடுங்கள்.'

இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்தொன்பது வருஷத் தம்பட்டம்.

அடுத்த சனிக்கிழமை சுடுகளத்துக்கு ஏழு பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கைப்பையிலும் புருஷன் கொடுத்த லேசான ரிவால்வர் ஒன்று. எல்லாம் ஒரு தடவை சுட்டுவிட்டு மேசை இழுப்பறையில் போட்டது. முதலில் நின்றவள் கோரா, பால்பண்ணைக்காரன் மனைவி.

"ஆறு வருஷம் ஆச்சு ஆர்லிஸ், நான் இந்தப் பக்கமே வரல. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

பக்கத்தில் தோட்டாப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எனக்கும்தான், கோரா. ஆர்லிக்கு வாங்கிக் குடுத்த அன்னைக்கு நாலு குண்டு சுட்டேன். நாலுக்கும் கண்ண மூடினேன். நல்லாத்தான் இருக்குன்னு பொய் சொன்னேன்."

ஆர்லிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோராவின் துப்பாக்கியில் சாதாரணத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள். "பக்கத்துலதானே நின்னேன்."