கிளட்ச் மேல் போட்ட பழி

மரச்சாமான் கடையில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். கட்டிலுக்கு எந்த மெத்தை பொருந்தும், இன்றைக்கு மழை வருமா, முதலாளியின் மருமகன் தேறுவானா மாட்டானா, எதைக் கேட்டாலும் தீர்ப்பு தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். இப்படிப் பேர் வாங்கியவருக்கு ஒரு தொல்லை உண்டு. ஒருமுறை 'இதுதான்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதிலிருந்து ஓர் அங்குலம் நகர முடியாது. மனுஷன் தான் சொன்ன சொல்லுக்குள்ளேயே மூச்சுமுட்டக் குடியிருந்தார்.

அந்தப் பழைய டீசல் காரை வாங்கியதும் அப்படித்தான். மனைவியின் அண்ணன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். வாங்குவதற்கு முன்னால் நான் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேனே என்று தன்மையாகத்தான் சொன்னார். ஜட்ஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு வண்டி பார்க்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போனார். பானட்டைத் திறந்து உற்றுப் பார்த்தார், டயரை எட்டி உதைத்தார், ஹாரன் அடித்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலமே மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சின் பட்டு மாதிரி ஓடுகிறது என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

மூன்றாவது வாரம் ஒரு சிக்னலில் பட்டு கிழிந்தது. வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது சத்தம் தானாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, அப்படியே அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. தினமும் வந்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். நாலு நாள் சமர்த்தாக இருக்கும், ஐந்தாம் நாள் நடுரோட்டில் மானத்தை வாங்கும்.

மச்சானிடம் போக வாய் வரவில்லை. சொந்தக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத, ஊரின் மறுகோடி ஒர்க்‌ஷாப்புகளுக்கு ஒளிந்து ஒளிந்து போனார். அங்கே போய் நிறுத்தினால் எஞ்சின் ஒரு துளி பிசகாது. ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். இன்னொருவர் ஏதோ சென்சாரை மாற்றினார். மூன்றாமவர் டீ குடித்து முடிக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். வண்டிக்கு ஒரு நோயும் இல்லை, உங்களுக்குத்தான் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் ஜட்ஜ் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வலது காலால் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார். எஞ்சின் நிற்காது. ஆனால் கால் கடுத்துப் போகும். சாவியை வேறு யார் கையிலும் கொடுக்கவும் முடியாது. வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்று சொந்தபந்தமெல்லாம் கேலி செய்தது. அவரும் சிரித்து வைத்தார்.

அவர் மனைவி லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள், இப்போது மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட, பகல் முழுவதும் வீடு அவளை முறைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு பரிசோதனை நிலையத்தில் கூப்பிட்டார்கள். காலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும், தானே வண்டி ஓட்ட வேண்டும். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியிருந்தாள். நம்ம வண்டிதான் இருக்கிறதே என்று அவள் சொன்னாள்.

ஜட்ஜ் தட்டிக் கழித்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினாள். பதற்றமில்லாமல் நன்றாகவே ஓட்டினாள். பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. கிளட்சை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் ஏறியது, இறங்கியது, எஞ்சின் அடங்கிப் போனது. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. பச்சை விழுந்து, பின்னால் இரண்டு பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்தன. அவள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். ஜட்ஜ் வாயைத் திறந்தார், வந்தது வேறு.

"கிளட்சை இப்படியா விடுவாங்க?"

அவள் இடது கால் தரையோடு தரையாக கிளட்சை அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு அவள் சாவியைக் கேட்கவே இல்லை. ஒரு நாள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே, ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இடது காலைத் தரையில் மெதுவாக அழுத்தி மெதுவாக எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஜட்ஜ் தண்ணீர் குடிக்க வந்தவர் குடிக்காமலே திரும்பிவிட்டார். எனக்கு வராது போலிருக்கு என்று அன்று ராத்திரி சொன்னாள். ஜட்ஜ் புரண்டு படுத்தார். இப்போது சொன்னால் வண்டி விஷயம் மட்டுமா வெளியே வரும்? அவள் தலையில் பழியைப் போட்டதும் சேர்ந்துதானே வரும்? சொல்லாமல் இருக்கவும் நெஞ்சு பொறுக்கவில்லை, சொல்லவும் வழியில்லை.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு மச்சானின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சும்மா ஒரு சர்வீஸ் என்று பூசி மெழுகிப் பார்த்தார். பிறகு சிக்னலில் நிற்கும்போது எப்போதாவது ஐடிலிங் கொஞ்சம் இறங்குகிறது என்றார். மச்சான் சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் தலையாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடியது. மச்சான் எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி, நெரிசலான ரோட்டுக்குப் போகச் சொன்னார்.

முதல் சிக்னல், ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மச்சான் ஸ்கேனரை விட்டுவிட்டுக் கீழே பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க."

"எடுத்தா நின்னுடும்."

"நிக்கட்டும். அதைப் பாக்கத்தானே வந்திருக்கோம்."

எடுத்தார். எஞ்சின் தடுமாறி நின்றது. பின்னால் ஹாரன்கள் கத்தின. மச்சானுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்ப ஒரு வால்வு இருக்கிறது, மெதுவாக ஓடும்போது திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். கம்ப்யூட்டர் மூடு என்கிறது, இது மூடவில்லை, ஸ்கேனரில் தெரிகிறது. உள்ளே கரி அடைத்து ஒரு சமயம் மாட்டிக்கொள்கிறது, ஒரு சமயம் விட்டுவிடுகிறது. மாட்டிக்கொண்டால் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காமல் புகையே நிறைந்து நின்றுபோகும். அதுவும் நெரிசலில் ஊர்ந்து வந்து நிற்கும்போதுதான் மாட்டும். ஒர்க்‌ஷாப்பில் சும்மா ஓடவிட்டுப் பார்த்தவர்கள் கண்ணில் அது படாததும் அதனால்தான்.

வால்வைக் கழற்றிச் சுரண்டிக் கழுவி மாட்டினார்கள். சந்தேகம் தீர மறுபடி ஓட்டினார்கள். சிக்னலுக்கு சிக்னல் காலை எடுத்துப் பார்த்தார் ஜட்ஜ், எஞ்சின் அசையவில்லை. மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார். நாளைக்குத்தான் அந்த வெள்ளி. இன்றைக்கே அவளை ஓட்டச் சொல்வோம், நிற்காது, நீ நன்றாகப் பழகிவிட்டாய் என்று தட்டிக்கொடுப்போம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

திரும்பி வந்தபோது மனைவி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தாள். அண்ணன்தான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார், வண்டி எப்படி இருக்கிறதென்று அவளும் ஓட்டிப் பார்க்கட்டுமே என்று. வாளியிலிருந்த கரியைக் காட்டி, கள்ளம் கபடமில்லாமல் எல்லாவற்றையும் அவளிடம் மறுபடி சொன்னார். ஜட்ஜுக்கு நின்ற இடத்திலேயே காணாமல் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கிளட்சை முழுசா மிதிச்சிருந்தாலும் நிக்குமா?"

"அதுக்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யார் ஓட்டினாலும் நிக்கும்."

அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள். ஜட்ஜ் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

அவள் வண்டியைக் கிளப்பி ரோட்டுக்கு எடுத்தாள். அசடு வழியப் பேச்சை ஆரம்பித்தது அவர்தான். நாளை வரை நேரம் இருக்கிறதே, காலையில் முதல் வேலையாகப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல்லிவிடு என்றார்.

"நேத்தே வரலைன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. எனக்கு வண்டி ஓட்ட வராதுன்னு சொன்னேன்."

பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஒட்டி நின்றன, கதவைத் திறக்கக்கூட இடமில்லை. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

அவர் வாயில் எத்தனையோ சப்பைக்கட்டுகள் வந்து நின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெரிஞ்சேதான்."

பச்சை விழுந்தது. வண்டியைக் குலுங்காமல் எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும் ரோடு வந்தது, திரும்பாமல் நேராகப் போனாள்.

"எங்க போறோம்?"

"லேபுக்கு. எனக்கு ஏன் ஓட்ட வராமப் போச்சுன்னு நீங்க வந்து அவங்ககிட்டச் சொல்லுங்க."