பேராசிரியருக்கு ஒரு ‘பண்ணிப்போடலாமுங்க’

எங்கள் வீட்டில் ‘முடியாது’ என்று சொல்ல ஆள் கிடையாது. பெருமாநல்லூரில் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் வீடியோவில் வந்து எதைக் கேட்டாலும் அப்பா “யெஸ் யெஸ், கேன் டூ” என்பார். உள்ளூர்க்காரர் கேட்டால் அதுவே “பண்ணிப்போடலாமுங்க” ஆகிவிடும். ஒருமுறை ஒருவர் மூங்கில் நாரில் டீ-ஷர்ட் கேட்டார். அப்பா கண் இமைக்காமல் தலையாட்டினார். அழைப்பு முடிந்ததும் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, “ஏனுங்க, மூங்கில்ல பனியன் வருமுங்களா?” என்று கேட்டார். வந்தது. சொன்ன தேதிக்குக் கப்பலும் ஏறியது. அதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இந்த மனிதரின் மகளாகத்தான் நான் வெளிநாட்டில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். வெட்டித் தள்ளிய கழிவுத் துணியை மறுபடி நூலாக்குவது பற்றிய படிப்பு. மற்ற இடங்களெல்லாம் கையை விரித்துவிட்டன. ஒரே ஒரு பல்கலைக்கழகம் மட்டும், பேராசிரியர் உங்களுடன் வீடியோவில் பேசுவார் என்று மெயில் அனுப்பியது. அதுவும் தவறினால் என் கதி எனக்குத் தெரியும். கீழே, பையர்களோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் நாற்காலி ஒன்றை எனக்காகத் துடைத்தே வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

பேராசிரியரோடு பேச, மிஷின் சத்தம் எட்டாத ஒரே இடம் துணி குடோன்தான். சுற்றிலும் துணி ரோல்கள் அடுக்கியிருப்பதால் அங்கே தும்மினால்கூட வெளியே கேட்காது. பேராசிரியரை அப்பா கடைசிவரை பையர் என்றே நினைத்தார். எனக்குப் பின்னால் கம்பெனியின் நல்ல சாம்பிள்களாகப் பார்த்து மாட்டினார். டியூப்லைட்டை மாற்றினார். பிறகு தொழில் ரகசியத்தைச் சொன்னார்:

“கேக்கறதுக்கெல்லாம் தெரியும்னு சொல்லிப்போடு கண்ணு. ஆர்டரு கைக்கு வரட்டும். மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்.”

அம்மா என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அப்பா லேப்டாப்புக்கு நேர் எதிரே, வெள்ளை ரோல்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். அவர் எனக்குத் தெரிவார், பேராசிரியருக்குத் தெரியமாட்டார்.

பேராசிரியர் வெள்ளை முடி வைத்த அம்மையார். மெதுவாகப் பேசினார். நாரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழக்கம் உண்டா என்றார். உண்டு என்றேன். கல்லூரியில் எட்டிப் பார்த்ததோடு சரி. புள்ளிவிவரத்துக்கான மென்பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டார். நன்றாகத் தெரியும் என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அந்த நிமிடம்தான் தெரியும். ரோல்களுக்கு நடுவிலிருந்து அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் குஷியாகிவிட்டது. பேராசிரியர் விமானம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டிருந்தால் அதற்கும் தலையாட்டியிருப்பேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்: “உங்களால் முடியாதது எது?”

அந்தச் சரக்கு எங்கள் கம்பெனியில் ஸ்டாக் இல்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னார். “ஒன்றுமில்லை” என்றேன்.

“அப்படியானால் இங்கே எதற்கு வருகிறீர்கள்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லாம் போயிற்று, இனி அந்த நாற்காலிதான் என்று நினைத்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. பருத்தியையும், இழுத்தால் நீளும் லைக்ரா இழையையும் பிரிக்க என்னால் முடியவில்லை என்றேன். இரண்டும் கலந்த வெட்டுத் துணிகளை எலுமிச்சை உப்பு போட்டு வேகவைத்துப் பார்த்தேன். பிரியவில்லை. சாயம் மட்டும் இறங்கி அம்மாவின் குக்கர் கேஸ்கட் நீலமாகிவிட்டது. அந்த மென்பொருளும் எனக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பும் அரைகுறைதான் என்று கொட்டித் தீர்த்தேன்.

அப்பா ஒரு ரோலின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் குக்கர், கேஸ்கட், புளூ என்ற மூன்று சொற்கள் போதுமானதாக இருந்தன. மட்டமான கேஸ்கட்டைக் கொடுத்துவிட்டதாக அவள் பாத்திரக்கடைக்காரரிடம் நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். “என்ற குக்கர நீலம் பண்ணுனது நீதானா?” என்று நேராகத் திரைக்குள்ளேயே வந்துவிட்டாள். பேராசிரியர், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மறைக்க இனி எதுவும் இல்லை, சொன்னேன். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு அந்த வேகவைத்த துணியைப் பற்றியே நெடுநேரம் கேட்டார். தெரியாததையெல்லாம் தெரியாது என்றேன். அது அவ்வளவு சுகமான வேலை என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. “கையில வந்த ஆர்டரைத் தொலைச்சுப் போட்டா” என்று கட்டிங் மாஸ்டரிடம் மட்டும் புலம்பினார். இடம் கிடைத்த மெயில் வந்ததும் அதே மாஸ்டரிடம், “எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பெட்டி கட்டியதும் அவர்தான். ஏற்றுமதிச் சரக்கு மாதிரி என் துணி ஒவ்வொன்றையும் பாலிபேக்கில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்து, சைஸ் ஸ்டிக்கரும் ஒட்டினார். பெட்டியை மேசையிலிருந்து கீழே போட்டு உடைகிறதா என்று பார்த்தார். அம்மா அந்தக் குக்கரையே, நீல கேஸ்கட்டோடு, நடுவில் வைத்தாள். “கெடுத்தவளே கொண்டுபோய் ஆக்கித் திங்கட்டும்” என்றாள்.

கோவை விமான நிலையம் வரை காரை ஓட்டிவந்த அப்பா கடைசிவரை மிடுக்காகத்தான் இருந்தார். உள்ளே போகும் முன் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

“ஏனுங்கப்பா, அழுவாம ஊட்டுக்குப் போயிருவீங்கல்ல?”

வழக்கமான பதில் அவர் வாய்வரை வந்தது. பாதியில் நின்றது.

“முடியாது கண்ணு” என்றார்.

நான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மா அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள்.